லைன் இருக்கா?

(‘நம் பேச்சில் கலந்த ஆங்கிலம்’ என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆளுக்கோர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு அதன் பொருள்களை அலச வேண்டும் என்பது இன்றைய ஏற்பாடு. எனக்கு முன்பு பேசிய நண்பர்கள் ‘ஓகே’வையும் ‘சார்ஜ்’ஜையும் எடுத்துக்கொண்டு உங்களை நன்றாகச் சிரிக்க வைத்துவிட்டார்கள். நான் எடுத்திருக்கும் சொல் ‘லைன்’. இதிலும் சிரிக்க இடம் உண்டு, அதை முதலில் முடித்துக்கொள்கிறேன்.

ஒரு நாளில் இந்தச் சொல்லை எத்தனை தடவை சொல்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். காலையில் கைப்பேசியை எடுத்தால், “லைன் இல்ல”. வங்கிக்குப் போனால், “லைன் ரொம்ப நீளம்”. காரை எங்கே நிறுத்துவது என்று பார்த்தால் மஞ்சள் லைன், அதில் நிறுத்தினால் சம்மன். புதிதாக ஒருவரைச் சந்தித்தால், “அண்ணன் எந்த லைன்ல இருக்கீங்க?” அவர் சொல்வார், “லோரி லைன்.” பக்கத்தில் இருப்பவர், “செக்யூரிட்டி லைன்.” பேருந்து நிறுத்தத்தில் ஒரு பையன் ஒரு பெண்ணைப் பார்த்து இரண்டு தடவை சிரித்துவிட்டால் போதும், “லைன் போடுறான்” என்று ஊரே சொல்லும். மகள் கைப்பேசியில் பேசிக்கொண்டே இருந்தால் அம்மாவுக்குச் சந்தேகம்: “லைன்ல யாரு?”

பினாங்குக்குப் போனவர்கள் பினாங்கு சாலைச் சந்தில் இருக்கும் நாசி கண்டார் கடையை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பெயரே லைன் கிளியர். ரயில் தடத்தில் வண்டி வரலாம், தடையில்லை என்பதற்குச் சொல்லும் சொல் அது. இப்போது மலாய்ப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும், வீட்டில் அப்பா இல்லை, தைரியமாக வரலாம் என்பதற்கும் லைன் கிளியர் என்கிறார்கள். மலாயில் ‘லாயின்’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அதற்கு ‘வேறு’ என்று பொருள். காதுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்கும் இந்த இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது. ஆனால் இந்த ‘வேறு’ என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சரி, இந்த லைன் எங்கிருந்து வந்தது?

ஆளிவிதை தெரியும் அல்லவா? கொழுப்புக் குறைய வேண்டும் என்று இன்று எல்லோரும் பொடித்துச் சாப்பிடுகிறார்களே, அதே விதைதான். அந்த ஆளிச் செடியின் தண்டில் நார் எடுத்து நூல் நூற்பார்கள். லத்தீன் மொழியில் அந்தச் செடிக்கு ‘லீனும்’ என்று பெயர். அதிலிருந்து திரித்த நூலுக்கு ‘லீனியா’. லினன் துணி வந்தது அங்கிருந்துதான். சட்டைக்கு உள்ளே தைக்கிறோமே லைனிங், அதுவும் அங்கிருந்துதான், ஏனென்றால் அந்தக் காலத்தில் உட்பக்கம் லினன் துணி வைத்துத் தைத்தார்கள். நம்முடைய லைனும் அதே செடியின் பிள்ளை. நூலை இழுத்துப் பிடித்தால் நேர்க்கோடு கிடைக்கிறது. நேர்க்கோட்டில் ஆட்களை நிறுத்தினால் வரிசை. எழுத்தை நிறுத்தினால் வரி. கம்பியை இழுத்தால் மின்சாரம், தொலைபேசி. அவ்வளவுதான், முழுக் குடும்பமும் ஒரு நூலில் தொங்குகிறது.

இதே வேலையை நம் மொழியும் செய்திருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் போக முடியாது. நூல் என்றால் பஞ்சில் திரித்த இழை. தச்சரும் கொத்தனாரும் கோணல் பார்க்கப் பிடிப்பதும் நூல். நாம் படிக்கும் புத்தகமும் நூல். தச்சன் கயிறு மரத்தின் கோணலைத் தீர்ப்பது போல, கற்கும் நூல் மனத்தின் கோணலைத் தீர்க்கிறது என்ற கருத்தை நன்னூல் சொல்லியிருக்கிறது. லத்தீன்காரர் ஆளி நாரில் கண்டதை நாம் பருத்தியில் கண்டோம். ‘வரி’ என்ற சொல்லையும் பாருங்கள். எழுத்து வரி, புலியின் மேல் இருக்கும் வரி, அரசாங்கத்துக்குக் கட்டும் வரி. கடைசி வரியை மட்டும் யாரும் விரும்பிப் படிப்பதில்லை.

இனி, இந்த நூல் நம் ஊருக்கு வந்த கதை.

கோல சிலாங்கூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கம்போங் குவாந்தானின் மின்மினிப் பூச்சியும் மலாவாத்தி குன்றின் குரங்குகளும்தான் தெரியும். சிலாங்கூர் ஆற்றை ஒட்டி உள்ளே போனால், இன்று பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் ஊர் வரும். 2007 வரை அதன் பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. பெரியவர்கள் வாயில் இன்றும் அந்தப் பெயர்தான். அந்த வட்டாரத்தில் இருப்பது தென்னமரம் தோட்டம். பெயரைப் பாருங்கள், நம் தமிழ்ப் பெயர்! நாட்டில் வாணிபத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்ட தோட்டம் அதுதான், 1917இல். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் போட்டுத் தொடங்கியவர். பிறகு மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கினார். இன்று நாடு முழுவதும் பரந்து கிடக்கும் செம்பனை, வாணிபப் பயிராகத் தொடங்கியது நம் கோல சிலாங்கூரில். வெளியூர்க்காரர்களிடம் சொல்லுங்கள்.

காட்டை வெட்டி எரித்த பிறகு தோட்டத்தில் நடக்கும் முதல் வேலைக்கு என்ன பெயர் தெரியுமா? லைனிங். நூலையோ கம்பியையோ இழுத்துக் கட்டி, அளவு பார்த்து, எங்கே கன்று வர வேண்டுமோ அங்கே குச்சி நடுவது. செம்பனையை முக்கோணக் கணக்கில் நடுவார்கள். ஒரு ஹெக்டருக்கு ஏறக்குறைய 140 கன்றுகள். நெடுஞ்சாலையில் போகும்போது கண்ணாடி வழியாகப் பாருங்கள், நேராகப் பார்த்தாலும் வரிசை, சாய்வாகப் பார்த்தாலும் வரிசை. ரப்பர் காலத்தில் ஆளுக்கு ஒரு நிரை. பால் மரம் வெட்டுகிறவர் தன் நிரையில் நூற்றுக்கணக்கான மரங்களை வெயில் ஏறுவதற்குள் தொட்டு முடித்தாக வேண்டும். ஆக, மரம் வரிசையில் நின்றது. அதிகாலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களும் வரிசையில் நின்றார்கள். பெரட்டு என்பதே ‘பரேடு’தான், ராணுவத்திலிருந்து வந்த சொல்.

வீடும் ராணுவத்திலிருந்துதான் வந்தது.

இந்தியாவில் வெள்ளைக்காரர் சிப்பாய்களைக் குடியமர்த்திய நீண்ட கொட்டகைகளுக்கு ‘லைன்ஸ்’ என்று பெயர். குதிரைகளைக் கட்டும் இடத்துக்கும் அதே பெயர். பினாங்கில் சிப்பாய் லைன்ஸ் என்ற சாலை இன்றும் இருக்கிறது. தோட்டம் போட்ட துரைமார்கள் அதே கொட்டகையை, அதே பெயரோடு ரப்பர் காட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். நீளமாக ஒரே கூரை, நடுவில் பலகைத் தடுப்பு, தடுப்புக்கு ஒரு குடும்பம். நம்மவர்கள் அந்த லைனை வாயில் போட்டு மென்று, கடைசியில் ஒரு ‘அம்’ சேர்த்து, லயம் ஆக்கிவிட்டார்கள். இலங்கை மலையகத்திலும் இதே கதைதான். அங்கே லயன் என்றும் லயம் என்றும் சொல்கிறார்கள். அறையைக் காம்பரா என்பார்கள்.

தமிழில் ஏற்கெனவே லயம் என்ற சொல் இருக்கிறது, தாள லயம், சுருதி லயம். குதிரை கட்டும் லாயமும் இருக்கிறது. லயத்து வீடு என்ற பெயர் லாயத்திலிருந்து வந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை, இது லைனிலிருந்து வந்ததுதான். ஆனால் அப்படிச் சொல்கிறவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. மனிதனுக்கும் குதிரைக்கும் ஒரே பெயரில் கொட்டகை கட்டியவன் ஆங்கிலேயன் அல்லவா?

அந்த லயத்துக்குள் நம்மவர்கள் ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்து முடித்தார்கள். ஆட்களுக்கு அடையாளமே லயம்தான். “யாரு அது? மூணாவது லயத்து மாரியா, ஆறாவது லயத்து மாரியா?” ஒரு வீட்டில் மீன் பொரித்தால் பத்து வீட்டுக்கு மணக்கும். ஒரு வீட்டில் சண்டை என்றால் பத்து வீட்டுக்கும் தூக்கம் போகும். யாராவது இறந்துவிட்டால் அந்த லயம் முழுக்க அடுப்பு எரியாது. முன்னால் இருக்கும் நாலடி மண்ணில் துளசி, கறிவேப்பிலை, முருங்கை. பின்னால் கோழிக்கூடு. நான் இதை இனிப்புத் தடவிச் சொல்லவில்லை. ஒழுகும் கூரையும், பொதுக் குழாயடியில் விடிய விடியக் காத்திருந்ததும், குடித்துவிட்டு வந்தவர்களிடம் பெண்கள் பட்ட பாடும் அதே லயத்தில்தான் நடந்தன. இரண்டும் உண்மை.

மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்த காலத்தில் எங்களுக்குத் தினமும் காதில் விழுந்த சொல் ‘டெட்லைன்’. செய்தியை ஐந்து மணிக்குள் கொடுக்காவிட்டால் செத்தாய், அதுதான் டெட்லைன் என்று சிரிப்போம். அந்தச் சொல் பிறந்த இடத்தில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864இல், ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில் என்ற இடத்தில் போர்க் கைதிகளை அடைத்து வைத்தார்கள். மதில் சுவருக்கு உள்ளே சற்றுத் தள்ளி ஒரு தாழ்வான வேலி. அதைத் தாண்டிக் கால் வைத்தால் காவலன் சுட்டுவிடுவான். அந்த வேலிதான் டெட்லைன். பத்திரிகைக்காரர்கள் கையில் அது வந்து சேர்ந்தது பிற்பாடு.

இதைப் படித்தபோது எனக்கு நம் தோட்டங்கள்தான் நினைவுக்கு வந்தன. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் கூட்டி, சுற்றிலும் முள்வேலி போட்டார்கள். ஊரடங்கு நேரத்தில் வேலிக்கு வெளியே காணப்பட்டவர் கதி என்ன என்று அந்தத் தலைமுறைக்குத் தெரியும். அதற்கும் முன்னால் 1941இல் கிள்ளானில் தொடங்கிச் சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவியதே, அந்த வேலைநிறுத்தம், அதன் கோரிக்கைகளில் ஒன்று இன்றைய பிள்ளைகளுக்கு நம்பவே கடினமாக இருக்கும். துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க மாட்டோம் என்பது. கூலி உயர்வோடு சேர்த்து அதையும் கேட்டார்கள். முன்னின்ற ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார், படைகள் வந்தன. கோட்டைத் தாண்டுவது என்றால் என்ன என்பதை அவர்கள் அகராதியில் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை.

நான் முன்பு சொன்ன ‘வேறு’ இங்கேதான் வருகிறது. நாடு சுதந்திரம் அடைந்த பிறகு கம்பங்களுக்கு மின்சார லைன் போனது, தண்ணீர் லைன் போனது, தார்ச் சாலை போனது. தோட்டத்து வேலி வந்ததும் அங்கேயே நின்றது. காரணம், தோட்டம் தனியார் நிலம். அரசாங்க மேம்பாடு என்பது ஒரு கணக்கு, தோட்டம் வேறு கணக்கு. மாலை ஆறு மணிக்கு ஜெனரேட்டர் ஓடும், இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். நம்மில் பலருடைய அப்பா அம்மா அந்த நான்கு மணி நேர வெளிச்சத்தில் படித்தவர்கள். வேலி ஓரத்தில் நின்று பார்த்தால் அடுத்த கம்பத்தில் விளக்கு எரிவது தெரியும்.

தொழிலாளர் வீட்டுவசதிக்கான குறைந்தபட்சத் தரம் பற்றி 1966இலும் பிறகு 1990இலும் சட்டங்கள் வந்தன. பல தோட்டங்களில் பழைய லயங்கள் போய், இரட்டை வீடுகள் வந்தன. இரண்டு வீடு ஒட்டியிருந்தாலும் பெயர் என்னவோ லயம்தான்! நம்மவர்கள் பெயரை அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை. ஆனால் ஒரு விஷயம் மட்டும் மாறவில்லை. வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போகும். நாற்பது வருடம் அந்தக் கூரையின் கீழ் பிள்ளை பெற்று, பேரன் எடுத்தவர்கள், ஓய்வு பெற்ற மறுநாள் அந்த வீட்டில் விருந்தாளி.

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு நிகழ்ச்சிக்காகக் கோல சிலாங்கூருக்கும் பெஸ்தாரி ஜெயாவுக்கும் இடையில் இருக்கும் ஒரு தோட்டத்துக்குப் படப்பிடிப்புக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். கோயில் ஒன்று மட்டும் நின்றது, சுற்றிலும் இளம் செம்பனை. கோயிலில் விளக்கேற்ற வந்த ஒரு பாட்டி அங்கே உட்கார்ந்திருந்தார். நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும், என் கைப்பேசியில் ஒரு கோடுகூட இல்லை. அவரிடம் கேட்டேன்:

“பாட்டி, இங்க லைன் இல்லையா?”

“லயமா? அத ஒடச்சி எட்டு வருசமாச்சு பாப்பா. அந்தா, ரெண்டு கன்னு குட்டையா நிக்கிது பாரு, அதான் எங்க நாலாவது லயம். அந்தக் குட்டக் கன்னு எங்க குசினி.”

கேமராமேன் சிரித்துவிட்டார். பாட்டியும் சிரித்தார், ஆனால் ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமல். பிறகு எழுந்து எங்களைக் கூட்டிப் போய், ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு லயத்தையும் செம்பனை வரிசையில் நடந்தே காட்டினார். எங்கள் கண்ணுக்கு மரம். அவர் நின்று நின்று யார் வீடு, எத்தனை பிள்ளைகள், யார் எங்கே போனார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். மருந்துக் கொட்டகையும் ஆயாக் கொட்டகையும் இருந்த இடத்தில் காலால் தட்டிக் காட்டினார். வாசல்படியின் சிமெண்டுத் துண்டு ஒன்று புல்லுக்குள் கிடந்தது.

அன்றுதான் எனக்கு உறைத்தது. நானும் அவரும் பேசியது ஒரே சொல். நூறு வருடத்துக்கு முன்பு துரை வாயிலிருந்து அவருடைய பாட்டியின் காதில் விழுந்த லைனும், கைப்பேசிக் கடைக்காரர் வாயிலிருந்து என் காதில் விழுந்த லைனும் ஒன்றுதான். அவர் அதைத் தமிழாக்கி, அதற்குள் குடியிருந்து, அது இடிந்த பிறகும் வைத்திருக்கிறார். நமக்கு அது வெறும் சிக்னல்.

அந்த சிக்னலும் அங்கே இல்லை என்பதை விட்டுவிடக் கூடாது. 2020இல் கோவிட் வந்தது, பள்ளிக்கூடம் மூடியது, பாடம் எல்லாம் ஆன்லைன் ஆனது. ஆன்லைன் என்றால் கோட்டின் மேல் இருப்பது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கோட்டுக்கு வெளியே இருந்தார்கள். வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். சாயங்காலம் அவர் வந்த பிறகு மேட்டில் ஏறி நின்றால் லைன் வரும், இல்லாவிட்டால் பெரிய சாலை வரைக்கும் நடக்க வேண்டும். நாட்டின் இணைய வசதியை மேம்படுத்த அதே வருடம் ஜெண்டேலா என்ற திட்டம் தொடங்கியது. கோபுரங்கள் வந்தன, இன்று பல இடங்களில் நிலைமை தேவலாம். ஆனாலும் முதல் வகுப்பில் எழுத்துக்கூட்ட வேண்டிய அந்த வருடம் ஒரு பிள்ளைக்குத் திரும்பி வருமா? ஆசிரியர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

அதே 2020இல் இன்னொரு லைனும் நகர்ந்தது. வறுமைக்கோடு. மாத வருமானம் 980 வெள்ளிக்குக் கீழே இருந்தால்தான் ஒரு குடும்பம் ஏழை என்று அதுவரை கணக்கு வைத்திருந்தார்கள். ஜூலை மாதம் அந்தக் கோட்டை 2,208 வெள்ளிக்கு உயர்த்தினார்கள். பழைய கோட்டின்படி நாட்டில் ஏழைக் குடும்பங்கள் நூற்றுக்கு அரைகூட இல்லை. புதிய கோட்டின்படி 2019ஆம் ஆண்டுக் கணக்கில் 5.6 விழுக்காடு. ஒரே இரவில் இத்தனை குடும்பங்கள் ஏழையாகிவிடவில்லை. கோடு நகர்ந்தது, அதுவரை கண்ணில் படாதவர்கள் கண்ணில் பட்டார்கள். கோட்டை யார் கையில் வைத்திருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள். நூலின் ஒரு முனை எப்போதும் வேறொருவர் கையில்.

தோட்டத்து மக்கள் கேட்பது ஒரே ஒரு லைன்தான் நேயர்களே. நிலக் கிராண்டில் இருக்குமே எல்லைக்கோடு, அது. இதுவரை என்னுடையது, அதற்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரருடையது என்று சொல்லும் கோடு. லயத்தில் நூறு வருடம் இருந்தவர்களுக்கு அது மட்டும் கிடைக்கவில்லை. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் என்று நம் வட சிலாங்கூரில் ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக இருபது வருடத்துக்கும் மேலாகப் போராடினார்கள். அவர்களுக்கான வீட்டுத் திட்டம் 2023இல்தான் அரசாங்க அறிவிப்பாக வந்தது. இடையில் எத்தனை தேர்தல், எத்தனை வாக்குறுதி என்று அந்த மக்கள் விரல் விட்டு எண்ணுவார்கள். காத்திருந்தபடியே கண் மூடியவர்களும் அவர்களில் உண்டு. இலங்கை மலையகத்தில் தனி வீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலம் என்று ஒரு கணக்கு வைத்தார்கள். ஏறக்குறைய 1,900 சதுர அடி. போதுமா போதாதா என்று அங்கே வாதம் நடக்கிறது. வாதம் செய்வதற்காவது ஓர் அளவு இருக்கிறது.

இப்படிப்பட்ட பட்டியல்களில் பெயர் வர வேண்டுமானால், நீ இந்தத் தோட்டத்தில் இருந்தவன் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் லயத்து வீட்டுக்குச் சாலைப் பெயர் கிடையாது, கதவு எண் நகராண்மைக் கழகத்தின் ஏட்டில் கிடையாது. சம்பளச் சீட்டைக் கரையான் தின்றிருக்கும். ஆபீஸ் கிராணியின் பழைய பதிவேடு, தோட்டம் கைமாறியபோது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்குக் கடைசியில் கைகொடுத்தது ஒரு கடித உறை. விடுதியில் தங்கிப் படித்த மகன் அம்மாவுக்கு எழுதியது. உறை கிழிந்திருந்தது, தபால் முத்திரையில் வருடம் தெளிவாக இருந்தது. முகவரியில் அம்மாவின் பெயருக்குக் கீழே அந்தப் பையன் ஒழுங்காக எழுதியிருந்தான்: நான்காவது லயம், ஏழாம் நம்பர் வீடு. பிறகு தோட்டத்தின் பெயர், பத்தாங் பெர்ஜுந்தை, சிலாங்கூர்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டில் பாட்டி தாத்தா இருக்கிறவர்கள் இன்று இரவே அவர்களிடம் கேளுங்கள். எந்தத் தோட்டம், எத்தனாவது லயம், எந்தப் பக்கத்து வீடு, பக்கத்து வீட்டில் யார், எந்த வருடம் வந்தீர்கள், எந்த வருடம் போனீர்கள். பழைய புகைப்படம் இருந்தால் அதன் பின்பக்கத்திலேயே எழுதி வையுங்கள். கடிதம், பள்ளிச் சான்றிதழ், கிளினிக் அட்டை, கோயில் திருவிழா ரசீது, எதையும் தூக்கிப் போடாதீர்கள். கைப்பேசியில் பேச்சைப் பதிவு செய்ய லைன்கூடத் தேவையில்லை.

நேரம் முடிந்துவிட்டது என்று தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார். அவருக்கும் ஒரு டெட்லைன் இருக்கிறது.